நாலு லட்சம் மாடுகளும் கட்டம் அக்காவும்

தொலைபேசி மூன்று முறை அடித்த பிறகுதான் அக்கா எடுக்கிறார். ஒரு மணியோடு நின்றால் தவறான எண். இரண்டோடு நின்றால் பக்கத்து மேசைக்கு வந்தது. மூன்றாவதும் அடித்துவிட்டால், "சரி, நமக்குத்தான்" என்று ஒரு பெருமூச்சு. எடுத்ததும் வணக்கம், நலமா எதுவும் கிடையாது. "கரியா, கரியமில வாயுவா?" என்பதுதான் முதல் கேள்வி. மறுமுனையில் இருப்பவர் எந்த நாட்டு அதிகாரியாக இருந்தாலும் ஒரு கணம் திணறிப் போகிறார். ஒருமுறை அச்சுப்பொறிக்கு மை நிரப்புகிறவர் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு, "மேடம், எங்கிட்ட கறுப்பு மைதான் இருக்கு" என்றாராம்.

கேள்விக்குக் காரணம் இருக்கிறது. சில நாடுகள் தாங்கள் விட்ட புகையைக் கரியாக எடைபோட்டு அனுப்பும். சில நாடுகள் அந்தக் கரி எரிந்து வாயுவான பிறகு எடைபோட்டு அனுப்பும். முன்னதைப் போல 3.67 மடங்கு பின்னது. எதில் போட்டோம் என்று எழுத மறந்த நாடு, ஒரே வருடத்தில் முக்கால்வாசி உடம்பு இளைத்து வந்து நிற்கும். இவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி இளைத்து வந்த ஒரு நாட்டைப் பாராட்டி அலுவலகம் கடிதமே எழுதிவிட்டது. அன்று திரையின் ஓரத்தில் ஒட்டிய '3.67' சீட்டு இதுவரை ஐந்து கணினி மாறியிருக்கிறது.

நான்காவது மாடி, ஜன்னலோர மேசை. எந்த நாடு எதை எரித்து, எதை வளர்த்து, எதைக் கொட்டி எவ்வளவு பசுங்குடில் வாயுவை வானத்துக்கு அனுப்பியது என்று வருடத்துக்கு ஒரு புத்தகம் போடுகிற அலுவலகம் அது. புத்தகத்தில் பதினோராயிரம் கட்டங்கள். ஒன்றுகூடக் காலியாக இருக்காது. அட்டையிலேயே அதைப் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெருமைக்கு உரியவர் என்பதால் இவர் பெயர் கட்டம் அக்கா. தன்னைவிட மூத்தவர்களுக்கும் அக்காதான்.

கணினித் திரைமேல் அடிக்கோல் வைத்து வரிசை படிக்கிற மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இவர் வைப்பார். திரையில் அடிக்கோல் உரசிய கீறல்கள் உழவுக்கோடு போல நெடுக இருக்கின்றன. மின்தூக்கியில் ஏறுவதில்லை. "முட்டி நல்லா இருக்கும்போதே ஏறிக்கணும்" என்பார். உண்மையில் அது ஒரு தடவை மேலே போய் வர எவ்வளவு மின்சாரம் என்பது அவருக்குத் தெரியும், தெரிந்துவிட்ட பிறகு ஏற முடியவில்லை. தெருவில் இன்ஜினை அணைக்காமல் நிற்கும் வண்டியைக் கடக்கும்போது மூச்சைப் பிடிப்பதற்குப் பதில் நிமிடத்தை எண்ணுகிறார். தேநீர் ஆறிப்போன பிறகு, அது ஆறிவிட்டதே என்று கவலைப்பட்டுக்கொண்டே குடிக்கிறார்.

நாடுகளுக்கு அவர் மேசையில் பெயர் கிடையாது, உறவுமுறைதான். ஆதிகாலத்திலிருந்து எரித்து எரித்து இன்று நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும் நாடு 'பெரியப்பா'. ஆள் கொஞ்சம், புகை மலை மலையாக விடுகிற பணக்கார நாடு 'மாப்பிள்ளை'. ஆளுக்குக் கைப்பிடி புகைதான், ஆனால் ஆள்கள் கோடிக்கணக்கில் என்றால் 'சம்சாரி'. புத்தகத்தில் மூன்று பட்டியல்கள் உண்டு: மொத்தமாக எவ்வளவு, தலைக்கு எவ்வளவு, ஆதியிலிருந்து எவ்வளவு. முதல் பட்டியலைப் பார்த்தாலே சம்சாரிக்குக் கோபம் வரும், இரண்டாவது மாப்பிள்ளைக்கு ஆகாது, மூன்றாவதைப் பெரியப்பா படிப்பதே இல்லை. தன் பெயர் கீழே வருகிற பட்டியலை முதல் பக்கத்தில் போடச் சொல்லி மூவரும் வருடா வருடம் கடிதம் எழுதுகிறார்கள். "கல்யாண வீட்டு போட்டோ மாதிரிதான்" என்பார் அக்கா. "ஒவ்வொருத்தருக்கும் அவங்க ஒல்லியா தெரியுற பக்கம் வேணும்."

வீட்டிலும் இதே பேச்சுதான். கொழுந்தன் பேருந்து ஓட்டுநர். மாலை ஐந்து ஐம்பதுக்கு அலுவலக வாசலில் நிற்பது அவர் வண்டி.

"அண்ணி, இன்னிக்கு உலகம் எவ்வளவு புகை விட்டுச்சு?"

"நீங்க விட்டது போக மிச்சம்."

"என் பஸ்ஸு எந்தக் கட்டத்துல இருக்கு?"

"மூணாம் பக்கம், ரெண்டாவது வரிசை. டெப்போவுல இன்ஜினை ஓடவிட்டுட்டு அரட்டை அடிக்கிறீங்களே, அதுவும் அதுக்குள்ளதான் இருக்கு."

"அடேயப்பா. பேரு போட்டிருக்கா?"

"போட இடமில்ல."

இனி நீலத்துக்கு வருவோம். நாடுகள் அனுப்பும் எண்களை அக்கா கறுப்பில் பதிகிறார். அனுப்பாமல் விட்ட கட்டங்களைத் தானே ஊகித்து நிரப்புகிறார், அவை நீலம். போன வருடத்தைப் பார்த்து ஊகிப்பார், பக்கத்து நாட்டைப் பார்த்து ஊகிப்பார், விற்ற சிமெண்ட் மூட்டையை வைத்து ஊகிப்பார். ஒவ்வொரு ஊகத்துக்கும் காரணத்தை நீல அட்டை போட்ட நோட்டில் எழுதிவைப்பார். இப்போது ஓடுவது ஆறாவது நோட்டு. ஆனால் அச்சகத்தில் மை ஒன்றுதான், கறுப்பு. நீலத்தை நீலமாகவே அனுப்பினால் சாம்பல் பூத்தது போல மங்கலாக விழும், பார்ப்பவர்கள் அச்சுப்பிழை என்பார்கள். அதனால் அச்சுக்கு அனுப்பும் நாள் நாலு மணிக்கு முன்னால் அட்டவணை முழுவதையும் தேர்வு செய்து, 'எல்லாம் கறுப்பு' என்று ஒரு பொத்தானை அழுத்துவது வழக்கம். அழுத்துகிற அந்த ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்கிறார். கண்ணைத் திறக்கும்போது எது வந்தது, எது தான் போட்டது என்று அவருக்கே தெரியாது. நோட்டுக்குத்தான் தெரியும்.

இந்த வருடம் அச்சுக்கு அனுப்பும் வாரத்தில், திங்கட்கிழமை, தொலைபேசி மூன்று முறை அடித்தது. 'கடைக்குட்டி'யின் புள்ளிவிவர குமாஸ்தா. கடைக்குட்டி என்பது மலையும் காடுமான ஒரு சின்ன நாடு. இந்தத் தம்பியை அக்கா நேரில் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம்.

"அக்கா, மாட்டுக் கணக்கு வந்துச்சா?"

"வந்துச்சு தம்பி. ஆறாயிரம்னு இருக்கு. சைபர் ஏதாவது விட்டுட்டீங்களா?"

"இல்லக்கா. இந்தத் தடவைதான் வீடு வீடா போய் எண்ணினோம். நானே ரெண்டு மலை ஏறினேன். மொத்தமே அவ்வளவுதான்."

"ஒன்பது வருஷம் முன்னாடிக் கணக்குக்கு நாலு லட்சத்து ஆறாயிரம்னு இதே தாள்ல போட்டிருக்கீங்களே. அமைச்சக முத்திரையெல்லாம் குத்தி."

"அது உங்க புத்தகத்துல இருந்து எடுத்ததுக்கா. எங்க கோப்புல அந்த வருஷம் காலி. உங்க புத்தகத்துல இருக்குன்னா எங்காளு யாராவது அப்ப அனுப்பியிருப்பாங்க இல்லையா? தப்பில்லையே?"

அக்கா தொலைபேசிக் கம்பியைச் சுண்டுவிரலில் சுற்றத் தொடங்கினார்.

"தம்பி, உங்க ஊர்ல நாலு லட்சம் மாடு நிக்க இடம் இருக்கா?"

"அதான்க்கா நானும் யோசிச்சேன். அந்த வருஷம் நான் வெளியில படிச்சிட்டு இருந்தேன். நான் இல்லாதப்ப வந்துட்டுப் போயிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்."

மாட்டை லேசாக நினைக்க வேண்டாம். அசைபோட்டு ஏப்பம் விட்டே ஒரு மாடு வருடத்துக்கு ஐம்பது கிலோ மீத்தேனை வெளியேற்றுகிறது. அது கரியமில வாயுவைப் போல இருபத்தெட்டு மடங்கு சூடு பிடிக்கும். நாலு லட்சம் மாடுகள் காணாமல் போனால் கடைக்குட்டி போன்ற ஒரு நாட்டின் மொத்தக் கணக்கில் நாற்பது சதவீதம் காணாமல் போகிறது.

"நாப்பது சதவீதம் குறைச்ச ஒரே நாடு நாங்கதானாம்க்கா" என்றது குரல். "பருவநிலை மாநாட்டுல கேடயம் தர்றாங்க. அமைச்சர் புதுக்கோட்டு தைக்கக் குடுத்தாச்சு. உங்க புத்தகம் வெள்ளிக்கிழமை வந்துட்டா போதும்."

வைத்துவிட்டு அக்கா மூன்றாவது நோட்டை எடுத்தார். ஒன்பது வருடத்துக்கு முந்திய பக்கத்தில் அவருடைய கையெழுத்தே இருந்தது. 'கடைக்குட்டி, மாடு. பதில் இல்லை. பக்கத்து மேய்ச்சல்காரரிடம் சதுர மைலுக்கு எத்தனை என்று பார்த்து அதே அளவு போட்டது. மலையை நாளை கழிக்க வேண்டும். 5.40. பஸ்.'

'மேய்ச்சல்காரர்' பக்கத்தில் உள்ள புல்வெளி நாடு. அங்கே கண்ணுக்கு எட்டிய வரை மாடுதான். அந்தக் கணக்கைத் தூக்கி, மாடு நிற்க முடியாத செங்குத்து மலைகள்மேல் அக்கா பரப்பிவிட்டிருக்கிறார். மறுநாள் மலையைக் கழித்திருக்க வேண்டும். மறுநாள் வேறு ஏதோ நாடு கரிக்கும் வாயுவுக்கும் நடுவே தடுமாறி அழைத்திருக்கிறது. மலை நின்றுவிட்டது, மாடும் நின்றுவிட்டது, பொத்தானை அழுத்தியதும் கறுப்பாகியும் விட்டது. இப்போது அதே மாடுகள் முத்திரை குத்திக்கொண்டு, கழுத்தில் மணி கட்டாத குறையாகத் திரும்பி வந்திருக்கின்றன.

வேடிக்கை இதோடு முடிந்திருந்தால் அக்கா சிரித்திருப்பார். மாநாட்டுக் குழுவின் வரைவுக் கடிதம் ஒன்று அன்று மாலையே அவர் மேசைக்கும் வந்தது. கடைக்குட்டியைப் பின்பற்றி மேய்ச்சல்காரரும் மூன்றே வருடத்தில் மாடுகளை நாற்பது சதவீதம் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் உதவி நிறுத்தப்படும். புத்தகம் வெளிவந்ததும் கையெழுத்தாகும். மேய்ச்சல்காரரின் மாடுகள் ஊகம் அல்ல. அவற்றுக்குக் கொம்பு உண்டு, கன்று உண்டு, காலையில் கறக்க வருகிற ஆள் உண்டு. இல்லாத மாடு போனதற்காக இருக்கிற மாட்டை விற்கச் சொல்லப் போகிறார்கள். கணக்கைக் கடன் கொடுத்த வீட்டிலேயே போய் இடி விழுகிறது.

அன்று பேருந்தில் கொழுந்தனுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கு அஞ்சு நிமிஷம் நிறுத்தியிருப்பேனே அண்ணி. நீங்க மலையைக் கழிச்சிட்டே வந்திருக்கலாம்."

"இன்ஜினை அணைச்சிருப்பீங்களா?"

கொழுந்தன் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். அண்ணி சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் வேகத்தைக் குறைத்து ஓட்டினார்.

செவ்வாய்க்கிழமை இயக்குநர் அறை. இயக்குநர் மேசையில் ஒரு காகிதம்கூட இருக்காது. கோப்புகள் வந்து சேரும் முன்பே வேறு ஆளுக்கு அனுப்பிவிடுகிற திறமைக்காரர்.

"ஒரு கட்டம்தானேம்மா. அடுத்த வருஷம் அடியில சின்னதா ஒரு குறிப்பு போட்டுடலாம்."

"அதுக்குள்ள அவங்க மாட்டை வித்துடுவாங்க சார்."

"சரி, இப்ப சொல்றோம்னே வெச்சுக்குங்க. இது ஊகம்னு சொன்னா, வேற எதெல்லாம் ஊகம்னு கேப்பாங்க. கேப்பாங்களா மாட்டாங்களா?"

"கேப்பாங்க."

"எத்தனை இருக்கு?"

"ரெண்டாயிரத்து அறுநூத்து நாப்பது."

இயக்குநர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இந்த எண்ணை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"நோட்டுல இருக்கு."

"நோட்டு நோட்டாவே இருக்கட்டும். உங்களுக்கு ரிட்டையர்மென்ட் எப்போ?"

"ரெண்டு வருஷம் நாலு மாசம்."

"அப்புறம் என்னம்மா" என்றார் இயக்குநர், பிள்ளைக்கு இடம் கிடைத்த செய்தி கேட்டவர் போல.

புதன்கிழமை முழுக்க அக்கா தேநீரைத் தொடவில்லை. ஆறு நோட்டுகளையும் எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். வேறு எங்காவது மலையைக் கழிக்காமல் விட்டிருக்கிறோமா என்று தேடினார். ஒரு பாலைவனத்தில் கொஞ்சம் அதிகமாக நெல் விளைந்திருந்தது. ஒரு தீவில் மக்களைவிடக் கார்கள் கூட இருந்தன. மற்றபடி பெரும்பாலும் நியாயமான ஊகங்கள். நியாயமானவைதான் என்று அவருக்குத் தெரியும். ஆனால் வெளியே இருப்பவருக்கு அதை எப்படித் தெரிவிப்பது? முப்பத்தோரு வருடமாக அந்தப் புத்தகத்தை அமைச்சர்கள் மேசைமேல் தட்டிப் பேசுகிறார்கள். சண்டை எது வந்தாலும் எண்ணில் சண்டை வந்ததில்லை. நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தன் ஊகம் என்று சொல்லிவிட்டால், புகையே இல்லை என்று வாதாடுகிறவர்கள் எல்லாம் நாளைக்கே இந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். சொல்லாவிட்டால் மாடு. வலது கை ஆள்காட்டி விரல் நகத்தை அவர் கடித்துத் தீர்த்திருந்தார். அடிக்கோல் பிடிக்கிற விரல் அது.

வியாழன் காலை சாப்பிட உட்கார்ந்தபோது கணவர் தன் கடை வம்பை ஆரம்பித்தார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், கண் சோதனையும் உண்டு.

"நேத்து ஒரு ஆளு. சுவத்துல இருக்கிற எழுத்தைப் படிங்கன்னா கடகடன்னு கடைசி வரி வரைக்கும் ஒப்பிச்சுட்டார். பார்த்தா, வரிசையில நிக்கும்போது முன்னாடி இருந்தவர் படிச்சதைக் கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்கார்."

"எதுக்கு?"

"என்னத்தைச் சொல்ல. காலியா விட்டா மானம் போயிடுமாம். நானும் நம்பி, கண்ணு பிரமாதம்னு எழுதி அனுப்பிட்டேன். சாயங்காலம் படியில விழுந்து வாரிக்கிட்டு வந்தார். மங்கலா தெரியுதுன்னா மங்கலா தெரியுதுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? அதுக்குத்தானேய்யா நான் கடையே வெச்சிருக்கேன்னு கேட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"திரும்பச் சோதிக்கச் சொன்னார். ரெண்டாவது வரியிலயே மாட்டிக்கிட்டார். நல்ல பவரா ஒண்ணு போட்டு அனுப்பினேன். ஏன், சாப்பாடு பிடிக்கலையா? அப்படியே இருக்கு."

அக்கா தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு கணவர் செய்து கொடுத்த தன் கண்ணாடியைக் கழற்றி, புடவை முனையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு கிளம்பினார். அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கத் திரும்பி வந்தது ஒரு தடவைதான். வழக்கமாக இரண்டு.

மாலை மூன்று ஐம்பதுக்கு அட்டவணை திரையில் விரிந்திருந்தது. கறுப்பும் நீலமுமாக. கடைக்குட்டியின் வரிசைக்கு அடிக்கோலைக் கொண்டுபோனார். முத்திரையோடு வந்ததால் 4,06,000 கறுப்பில் உட்கார்ந்திருந்தது. அதை நீலமாக்கினார். பக்கத்தின் அடியில் ஒரு வரி தட்டினார்: 'இந்த எண் அந்த நாடு எண்ணியது அல்ல, எங்கள் ஊகம். மலை கழிக்கப்படவில்லை.' முதல் பக்கத்தில் இன்னொரு வரி: 'மங்கலாகத் தெரியும் எண்கள் எல்லாம் ஊகித்தவை. காரணம் கேட்டால் சொல்லப்படும்.' அட்டவணை முழுவதையும் தேர்வு செய்தார். சுட்டி 'எல்லாம் கறுப்பு' மேல் போய் நின்றது. சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் ஒரு முழுச் சுற்று வந்தது. அக்கா கண்ணை மூடவில்லை. சுட்டியை அங்கிருந்து மெல்ல இறக்கி, அட்டவணையை இருந்தபடியே அச்சகத்துக்கு அனுப்பினார்.

நாலரைக்குத் தொலைபேசி. மூன்று முறை அடித்தது, எடுத்தார். கரியா வாயுவா என்று கேட்கவில்லை. அச்சக ஃபோர்மேன்.

"அக்கா, எண்ணுங்க அங்கங்க மங்கலா விழுது. மை குறைஞ்சு போச்சோன்னு மெஷினை நிறுத்திப் பார்த்தேன், மை நிறைய இருக்கு. நீங்க கறுப்பாக்க மறந்துட்டீங்க போல. நான் இங்கயே ஆக்கிடவா? ஒரு நிமிஷ வேலை."

"வேண்டாம்பா."

"பூச்சி அரிச்ச மாதிரி இருக்குக்கா. டைரக்டர் கேட்டா என்ன சொல்றது?"

"அது அப்படித்தான்னு சொல்லு. மெஷினை ஓட்டு."

"சரிக்கா. ஆனா முதல் பிரதி அவருக்குத்தான் போகும். ஆளு எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டான்."

அச்சகம் அடுத்த தெருதான். அக்கா ரிசீவரைக் கீழே வைத்தார், சரியாக உட்கார்ந்ததா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தார். இழுப்பறையிலிருந்து ஆறு நோட்டுகளையும் எடுத்து மேசைமேல் வரிசையாக அடுக்கினார். முதல் நோட்டின் முதல் பக்கத்தைப் பிரித்து, முதல் வரியின் அடியில் அடிக்கோலை வைத்தார். இடது கை அடிக்கோல்மேல் இருந்தது, வலது கை தொலைபேசிமேல். 

மணி அடித்தது. முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார்.